இதை யாருங்க சொன்னது?

குன்னூர் வட்டத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் வருவாய் ஆய்வாளர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பம் தொடங்கிவிட்டது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று கேட்டு வரும் மனுக்கள் அவருடைய கணினித் திரையில் வரிசை கட்டி நிற்கின்றன.

"மேடம், ஒரு பொண்ணுக்கு அப்பா இல்ல. அவருக்குச் சர்டிபிகேட்டும் இருந்ததில்ல. சொந்தம்னு யாருமே இல்லைங்கறாங்க. ரிஜெக்ட் பண்ணிடட்டுமா?"

"ஒரு நாள் பொறுங்க. அந்த வீட்டுப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க" என்றேன்.

"போய் என்ன மேடம் கேக்கறது?"

அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் தொலைபேசியில் அடங்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரி. இளநிலை உதவியாளராக மலையேறி வந்தேன். நில அளவைப் பயிற்சி, கருவூலப் பயிற்சி, துறைத் தேர்வுகள் என்று முதல் சில ஆண்டுகள் ஓடின. அவற்றில் நினைவில் நிற்பது குளிர் மட்டும்தான். பிறகு வருவாய் ஆய்வாளர் ஆனேன். முழங்கால் இந்தச் சரிவுகளைத் தாங்காது என்று மருத்துவர் சொன்னபின் போன ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். இப்போது வெலிங்டனில் இருக்கிறேன். இடையில் இருந்த காலத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது தாசில்தார் மாதவன் சாரின் பென்சில்.

மாதவன் சார் கோபிப் பக்கத்துக்காரர். அவர் அறையில் வெளிச்சம் போதாது. அதனால் எங்கள் விசாரணை அறிக்கைகளை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் நின்றபடியே படிப்பார். திட்ட மாட்டார். ஏதாவது ஒரு வரியின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். பிறகு திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, இதை யாருங்க சொன்னது?" என்பார். அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் சொன்ன ஆள் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். பெயர், வீடு, என்ன உறவு, எப்படித் தெரியும். ‘விசாரணையில் தெரியவந்தது’ என்று எழுதினால் அந்தப் பக்கம் முழுக்க அம்மை போட்டது போல் திரும்பி வரும்.

ஒருமுறை எமரால்டு கிராமத்தில் ஒருவருக்கு இருப்பிடச் சான்று. ‘மனுதாரர் ஐந்து ஆண்டுகளாக இங்கு வசிக்கிறார்’ என்று எழுதியிருந்தேன். அதற்குப் புள்ளி. மறுபடியும் எமரால்டு போய், அவருடைய கேரட் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பறித்த கேரட்டில் மண் கழுவிக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன்.

"அஞ்சு வருசமா இருக்கறது அவரு பொண்டாட்டிங்க" என்றார் அந்த அம்மா. "அவரு கோவிச்சுட்டு மைசூருப் பக்கம் போயிட்டு, இந்தப் பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தாரு. நீங்க ஒண்ணும் எழுதாதீங்க, மறுபடி ஓடிறப் போறாரு!"

சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். ஆனால் அதன்பின் யாரும் சொல்லாத வரியை நான் எழுதியதில்லை.

நிரோஷாவின் மனு வந்தது ஆறேழு ஆண்டுகளுக்கு முன். குந்தா போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்து கொழுந்து பறிக்கும் பாக்கியத்தின் மகள் அவள். தகப்பன் ராசையா மாரடைப்பில் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுவனாகப் பெற்றோருடன் மண்டபம் முகாமில் வந்து இறங்கியவர். அந்தக் குடும்பம் கொண்டுவந்த தாள்களில் ஆட்களின் பெயரும் அங்கிருந்த தோட்டத்தின் பெயரும் உண்டு, சாதி கிடையாது. கொழுந்து பறிக்க அதை யாரும் கேட்கவில்லை. அதனால் ராசையா சான்று வாங்கவே இல்லை.

பெண் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பட்டியல் இனத்தவருக்கான ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற மதிப்பெண். சான்று இல்லாமல் போனால் எந்த அரசுக் கல்லூரியும் கிடைக்காது. விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி. மனு என் கைக்கு வந்தது புதன்கிழமை. அவளுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழிலோ வேறு சாதி எழுதியிருந்தது.

"அதுக்குக் காரணம் நான் சொல்றேன் மேடம்" என்றார் கிராம நிர்வாக அலுவலர் போஜன். படுகர். அந்தப் பகுதியில் அவருக்குத் தெரியாத வாசற்படி இல்லை. "தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு லயத்துப் புள்ளைங்க எல்லாத்தையும் ஒரே நாள்ல சேத்தாங்க. முதல் வீட்டுக்காரரு அவரு சாதியச் சொன்னாரு. வாத்தியாரு கீழ இருந்த எல்லாருக்கும் ‘அதேதான்’னு போட்டுட்டுப் போயிட்டாரு. பாவம், கை வலிச்சிருக்கும்!"

"லயத்துல எல்லாரும் ஒரே சாதிதானா?"

"எங்கங்க? கப்பல்ல வந்த வரிசைக்கு வீடு குடுத்தாங்க. மூணு சாதி கலந்து கிடக்குது. அவங்களுக்குள்ள தெரியும். வாத்தியாருக்கு எப்படித் தெரியும்?"

போஜன் சொல்வது உண்மை என்று எனக்கும் பட்டது. ஆனால் எனக்குப் படுவதை அறிக்கையில் எழுத முடியாது. பள்ளிப் பதிவு ஒன்று சொல்ல, குடும்பம் வேறொன்று சொன்னால், தகப்பன் வழியில் ஓர் இரத்த உறவின் சான்று வேண்டும், அந்த ஆள் நேரில் வந்து உறவைச் சொல்லவும் வேண்டும். பொய்யாகக் கொடுக்கும் ஒரு சான்று, அதே ஒதுக்கீட்டில் காத்திருக்கும் இன்னொரு பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளையின் முகம் நமக்குத் தெரியாது என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

அன்று மாலை தோட்டத்துக்குப் போனேன். எடை போடும் கொட்டகையில் பாக்கியம் தலைச்சாக்கை இறக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வீட்டுக்காரரோட கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்கம்மா."

"சித்தப்பா, பெரியப்பா வழி?"

"எல்லாம் அங்கன, இலங்கையிலயே இருந்துட்டாங்க. என் ஆளுங்களும் அங்கதான். எங்களுக்குன்னு யாரும் இல்லீங்க." பதில் கேள்விக்கு முன்பே தயாராக இருந்தது. பக்கத்தில் நின்ற நிரோஷா தாயைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள் இல்லாத வீடுகளில் உறவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். கல்யாணத்துக்கு யாரும் வரலாம். சாவைப் பற்றிக் கேட்பேன். இறந்தவர் மேல் போர்த்தும் புதுத்துணியை, கோடியை, எந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பதை லயமே நின்று பார்த்திருக்கும். முறையில்லாதவர்கள் கோடி போட முடியாது.

லயத்தின் கடைசி வீட்டில் மாரியாயி என்ற வயதான அம்மா இருந்தார். இலங்கையிலிருந்து வந்தவர். வீட்டை இன்னும் ‘காம்பரா’ என்றுதான் சொல்வார்.

"ராசையாவுக்கா? தொழிற்சங்கத்துல ஒரு மாலை போட்டாங்க. கோடின்னு வந்தது ஒண்ணே ஒண்ணுதான். அவன் தங்கச்சி."

"தங்கச்சியா?"

"ராசேஸ்வரிங்க. மூணாம் நம்பர் காம்பராவுல எங்க கண்ணு முன்னாடி வளந்த புள்ள. திருப்பூருக்குப் போனது போனதுதான். அன்னிக்குக் கார்ல வந்துச்சு. மூஞ்சிய முந்தானையில மூடிக்கிட்டு, கோடியப் போட்டுட்டு, அழுவாமக் கூடப் போயிருச்சு. எல்லாரும் கல்லு மனசுன்னு பேசுனாளுங்க. நான் மேட்டுல வெறகுக்கு நின்னேன். கார்ல ஏறுனப்புறம் அழுதுச்சு பாருங்க... டிரைவரு வண்டிய எடுக்கவே இல்ல."

மறுபடியும் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கெழவி சொல்லிருச்சா? அந்த வாய்க்கு ஒரு பூட்டு கிடைக்க மாட்டேங்குது." அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். ராஜேஸ்வரி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு எல்லாம் தெரியும், அவர் வீட்டாருக்குத் தெரியாது. அனாதை, விடுதியில் வளர்ந்தவள் என்று சொல்லி அழைத்துப் போனார். அவர் இறந்தபிறகும் அந்தச் சொல்லே நின்றது. ஒரே மகளை அவர் சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்திருக்கிறாள். மகள் இப்போது ஏழு மாதக் கர்ப்பம். மகளுக்கும் தெரியாது.

"இவரு சாகும்போது எங்கிட்ட அதத்தான் கேட்டாரு. தங்கச்சி பேர எங்கயும் சொல்லிராதன்னு. நான் எப்படிங்கம்மா சொல்லுவேன்?"

"ராஜேஸ்வரிகிட்ட அந்தக் காலத்துச் சான்று இருக்கா?"

"இருக்கும். குன்னூர்ல ஆஸ்டல்ல சேந்து படிச்சவ. அப்ப வாங்குனது."

எங்கள் அலுவலகத்தில் அந்தக் காலத்துப் பதிவேடு கிடையாது, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து அழிக்கப்பட்டிருந்தது. ராஜேஸ்வரியே வந்தால்தான் உண்டு.

வாசலில் நின்ற நிரோஷா சட்டென்று, "அத்தை பேர எழுதாதீங்க மேடம்" என்றாள். "நான் அடுத்த வருசம் மறுபடி எழுதறேன். இன்னும் நல்லா மார்க் எடுத்து, சர்டிபிகேட் இல்லாமயே சீட்டு வாங்கிக்கறேன்."

"அடுத்த வருசமா?" பாக்கியம் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "அடுத்த வருசம்னு ஒண்ணு இந்த லயத்துக்கு எப்பவாச்சும் வந்திருக்காடி?"

நான் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை மாதவன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமான முறை எளிது. திருப்பூர் வட்டாட்சியருக்குக் கடிதம் போட வேண்டும். அவர் கிராம நிர்வாக அலுவலரை அனுப்புவார். அந்த ஆள் ராஜேஸ்வரியின் வாசலில் நின்று, அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு, ‘இவங்க என்ன சாதிங்க?’ என்று கேட்பார். பதில் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது. ஆனால் அந்தக் கேள்வி அன்றைக்கே தெரு முழுக்கச் சேர்ந்துவிடும்.

சார் சன்னலோரம் போய் நின்றார். கையில் தாள் எதுவும் இல்லை. வெளியே மூடுபனியில் பேருந்து நிலையமே தெரியவில்லை.

"இதை அவங்கதான் சொல்லோணுமுங்க. நீங்களும் நானும் சொல்லக் கூடாது" என்றார்.

"ஆமாங்க சார்."

"வற்புறுத்தவும் கூடாது. ஒரு புள்ளைக்குச் சீட்டு வேணுங்கறதுக்காக இன்னொரு புள்ள பொழப்புல நாம மண்ணப் போட முடியாது." என் பக்கம் திரும்பி, "ஆனா சொல்றதுக்கு ஒரு எடம் குடுக்கலாமுங்க. நமக்கு முடிஞ்சது அது ஒண்ணுதான்" என்றார்.

வாக்குமூலத்தைத் தாசில்தாரே நேரில் பதிவு செய்யலாம், விதியில் இடம் உண்டு. திருப்பூருக்குக் கடிதம் தேவையில்லை. ஆய்வாளர் அறிக்கையில் ‘தகப்பனின் உடன்பிறந்தவர் நேரில் ஆஜர்’ என்று இருந்தால் போதும், வாக்குமூலம் கோப்புக்குள் இருக்கும். சனிக்கிழமை அலுவலகத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. காலையில் வந்து இருப்பதாகச் சொன்னார்.

இதை அப்படியே பாக்கியத்திடம் சொன்னேன். யார் எழுதுவார்கள், யார் படிப்பார்கள், அந்தத் தாள் எந்த அலமாரிக்குப் போகும் என்பதுவரை சொன்னேன். வரச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. "இப்படி ஒரு வழி இருக்கு. நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி" என்றேன். அன்றிரவே அவள் நாத்தனாரைத் தொலைபேசியில் அழைத்ததாகப் போஜன் பிறகு சொன்னார், வருவாளா என்று அவருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் நான் போய்விட்டேன். சார் எனக்கு முன்பே வந்து, காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் தாமே திறந்து வைத்திருந்தார். போஜன், பாக்கியத்தையும் நிரோஷாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். முதல் பேருந்தில் யாரும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. நிரோஷா விண்ணப்பத்தின் நகலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

மதியம் நெருங்கும்போது படியில் இரண்டு பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி, மூச்சு வாங்கினாள். பின்னால் வந்தவள் ராஜேஸ்வரி. நிரோஷாவின் நெற்றி அவளுக்கு. மாரியாயி சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

"எத்தன வளைவு! ரெண்டு தடவ வாந்திங்க" என்றாள் கர்ப்பிணி. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்து பாக்கியத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான் எங்க அத்தையா?"

பாக்கியம் தலையாட்டினாள்.

"மலையேறி பர்லியார் தாண்டறப்பத்தான் எங்கம்மா வாயத் தொறந்துச்சு. எனக்கு ஒரு தாய்மாமன் இருந்தாராம். செத்தும் போயிட்டாராம். என் கல்யாணத்துல தாய்மாமன் சீரு செஞ்சது யாரு தெரியுங்களா? கம்பெனி சூப்பர்வைசரு! மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுட்டு, விருந்துக்குக் கூட நிக்காம ஷிப்டுக்குப் போயிட்டாரு. நான் அப்பவே கேட்டன், ஏம்மா இந்த மாமனுக்கு அப்படி என்ன அவசரம்னு."

ராஜேஸ்வரி தலைகுனிந்து நின்றாள். மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

"கோவமா கண்ணு?" என்றாள் ராஜேஸ்வரி.

"கோவந்தான். அதுக்காக வண்டிய விட்டு எறங்கிப் போயிட்டனா? வந்தேன்ல. போயிச் சொல்லு, போ."

சார் ராஜேஸ்வரியை உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே அவர், அவள், எழுதுவதற்கு நான். அதுவரை திருப்பூர்ப் பேச்சில் பேசியவள், கேள்விகள் தொடங்கியதும் மெல்லத் தோட்டத்துப் பேச்சுக்குத் திரும்பினாள். பழைய சான்றை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்பில் கிழிந்து உள்ளே துணி ஒட்டியிருந்தது.

"இறந்துபோன ராசையா உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"கூடப் பொறந்த அண்ணங்க. மூணாம் நம்பர் காம்பராவுல இருந்தோம்."

நான் எழுதினேன். சார் பென்சிலை எடுத்தார், புள்ளி வைக்கவில்லை. வழக்கமான குரலில், ஆனால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "ஏனுங்க, இதை யாருங்க சொன்னது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான்தாங்க சொல்றேன். ராஜேஸ்வரி. ராசையா தங்கச்சி."

கையெழுத்துப் போட்டாள். பழைய சான்றை நகலெடுத்து மூலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான் அறிக்கையை முடித்துத் தர, சார் சன்னலோரம் போய் நின்று முழுவதும் படித்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார்.

வெளியே வந்தபோது நிரோஷா அத்தையின் எதிரே நின்றாள். "அத்தை, இனிமே வெளிய எங்க பாத்தாலும் தெரியாத மாதிரிப் போயிருவேன். நீங்க பயப்படாதீங்க" என்றாள். ராஜேஸ்வரி அவள் கன்னத்தைத் தொட்டாள், மறுத்து எதுவும் சொல்லவில்லை. மகளுடன் அடுத்த பேருந்தில் மலையிறங்கிப் போனாள்.

திங்கட்கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் காத்திருப்பு. தரவரிசை வந்தது. நிரோஷாவின் எண் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாத, கிடைக்காது என்றும் சொல்ல முடியாத இடத்தில் இருந்தது. லயத்தில் செல்போனுக்கு அலை கிடைப்பது எடைக் கொட்டகைக்கு மேலே ஒரு பாறையில்தான். பாக்கியம் வேலை முடிந்ததும் அங்கே ஏறி நின்று போஜனைக் கூப்பிடுவாள். போஜன் என்னைக் கூப்பிடுவார். எங்கள் யாரிடமும் செய்தி இல்லாதபோதும் இந்த அழைப்பு நிற்கவில்லை.

கலந்தாய்வு அப்போது சென்னையில் நேரில் நடந்தது. தாயும் மகளும் போனார்கள். அங்கே திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மீதமுள்ள இடம் குறைந்துகொண்டே வரும். நான் பட்டா மாறுதல் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் இரண்டு முறை என் மேசை வழியாகப் போனார். மூன்றாம் முறை நின்று, "ஏனுங்க, போஜன் ஒண்ணும் பேசலீங்களா?" என்றார். மாலையில் போஜன் பேசினார். கோவையில் அரசுக் கல்லூரி. அவள் தேர்ந்தெடுக்கும்போது அங்கே அவள் பிரிவில் மீதி இருந்தது இரண்டு இடம்.

அடுத்த ஆண்டு சார் ஓய்வு பெற்றார். நானும் வட்டத்துக்குள்ளேயே வேறு உள்வட்டத்துக்கு மாறினேன். ராஜேஸ்வரியை நான் பிறகு பார்க்கவில்லை. ஒரு கதவுக்குள் சொன்னது அந்தக் கதவுக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் பாக்கியம் என் வீட்டுக்கு வந்தாள். அப்போது நிரோஷா பயிற்சி மருத்துவர். இனி எழுதுவதை எனக்குச் சொன்னது பாக்கியம், அவளுக்குச் சொன்னது நிரோஷா.

கோவை அரசு மருத்துவமனை, பெண்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் காலைச் சுற்று. பித்தப்பைக் கல்லுக்காக ராஜேஸ்வரி சேர்ந்திருந்தாள். பக்கத்தில் மகளின் மாமியார் பிளாஸ்கைத் திறந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். நிரோஷா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். படுக்கையருகே வந்ததும் கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், மற்ற நோயாளிகளிடம் கேட்பது போலவே கேட்டாள்.

"அம்மா, ராத்திரி தூங்குனீங்களா? வலி இருந்துச்சா?"

ராஜேஸ்வரி அவள் முகத்தையே பார்த்தாள். மறுபடி, "அம்மா..." என்றாள்.

"அம்மான்னு கூப்பிடாத" என்றாள் ராஜேஸ்வரி. "அத்தைன்னு கூப்பிடு."

கஞ்சி டம்ளரோடு நிமிர்ந்த சம்பந்தியம்மா, "டாக்டரு யாருங்க, தெரிஞ்ச புள்ளையா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் மக."

"அண்ணனா? உங்களுக்கேதுங்க அண்ணன்?"

"இருந்தாருங்க. எஸ்டேட்ல. உக்காருங்க, எல்லாஞ் சொல்றேன்."

நிரோஷா இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றினாள். சுற்றுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்ததாம். பிறகு சொன்னாளாம்: "கையத் தளத்திக்குங்க அத்தை."